மேனாம்பேட்டுல வீடு வாங்க புரோக்கர் வேணுமா, வேண்டாமா?

"டாக்டர், மாத்திரை எல்லாம் கரெக்டா போடறேன். வேற ஒண்ணு கேக்கணும். மேனாம்பேட்டுல ஒரு வீடு பாத்திருக்கேன். புரோக்கர் இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள 2 லட்சம் டோக்கன் கேக்கறாரு. இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காம். குடுத்துடலாமா?"

போன மாசம் ஓபியில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவருக்கு வயது 58. அம்பத்தூர் எஸ்டேட்டில் 30 வருஷத்துக்கு மேல் லேத்தில் நின்றவர். பிஎஃப் பணம் கைக்கு வந்திருக்கு. அன்றைக்கு அவர் பிபி 170/104. (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். எழுத அவரிடம் அனுமதியும் வாங்கியாச்சு.)

அவருக்குப் பின்னால் வரிசையில் எப்படியும் நூறு பேர். "இன்னைக்கு குடுக்காதீங்க. முதல்ல ஒரு வக்கீலைப் பாருங்க" என்று மட்டும் சொல்லி, மாத்திரை டோஸை ஏற்றி அனுப்பினேன். அவர் முகம் தெளியவில்லை. இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதறேன். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுத்துக்குங்க.

முதலில் ஒன்று. நான் வக்கீல் இல்லை. எம்.பி.பி.எஸ் முடித்து அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற ஆள். ஆனால் இதே மேனாம்பேடு, கருக்கு, பட்டரவாக்கம் பக்கம் வீடு தேடி ஒன்றரை வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தவன். புரோக்கர் இல்லாமலும் தேடியிருக்கிறேன், புரோக்கர் வைத்தும் தேடியிருக்கிறேன். ரெண்டிலும் மாட்ட இருந்தேன்.

என் கருத்தை இப்பவே சொல்லிடறேன். புரோக்கர் வைப்பதில் தப்பே இல்லை. வீடு தேட வைங்க, விலை பேச வைங்க. ஆனால் "இந்த வீட்டை வாங்கலாமா?" என்ற கேள்வியை மட்டும் அவரிடம் கேட்காதீங்க. அதைச் சொல்ல வேறு ஒருத்தருக்குத் தனியாகக் காசு கொடுங்க. நீங்க வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவருக்கு அதே காசுதான் என்று இருக்கணும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு என் கதையையே சொல்றேன்.

நாங்கள் தேட ஆரம்பித்தபோது புரோக்கரே வேண்டாம் என்று முடிவு. கணக்கு சிம்பிள். 70 லட்சத்து வீட்டுக்கு 1 சதவீதம் கமிஷன் என்றாலும் 70,000 ரூபாய். சில பேர் 2 சதவீதம் கேட்கிறார்கள். அரசு டாக்டர் சம்பளத்தில் ஹோம் லோன் போடுகிறவனுக்கு அது சின்னத் தொகை இல்லை. நாமே தேடிக்கலாம், என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

நைட் டியூட்டி முடிச்ச ஞாயிற்றுக்கிழமை, தூக்கக் கலக்கத்தோட பைக்கில் தெருத் தெருவா சுத்தினோம். "வீடு விற்பனைக்கு, ஓனர் மட்டும், புரோக்கர் தேவையில்லை" என்று கேட்டில் தொங்குகிற போர்டுக்குப் போன் போட்டால் எடுப்பவர் புரோக்கர். ஆப்பில் "நேரடி உரிமையாளர்" என்று போட்டிருந்த நம்பரும் அப்படியே. நாலு மாசத்தில் நிஜமான ஓனரை நேரில் பார்த்தது மொத்தம் மூணே தடவை.

அதில் ஒருவர் ரொம்ப நல்ல மனிதர். ரிட்டையர்டு ஆனவர். காபி கொடுத்தார், கேட்காமலே ஜெராக்ஸ் செட்டை எடுத்து நீட்டினார். பட்டா அவர் பெயரில். ஈசி போட்டுப் பார்த்தேன், ஒரு வில்லங்கமும் இல்லை. விலையும் மார்க்கெட்டைவிடக் கம்மி. வீட்டுக்கு வந்து, புரோக்கர் காசு மிச்சம், விலையும் மிச்சம் என்று பெருமை அடித்துக்கொண்டேன்.

என் மனைவி கேட்டதால்தான் ஒரு வக்கீலிடம் போனோம். அவர் கால் மணி நேரம் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "இவங்க அப்பா பேர்ல இருந்த வீடு இது. அப்பா எப்படி இவருக்குக் குடுத்தார்?"

குடுக்கவில்லை. அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வாரிசுச் சான்றை வாங்கிப் பார்த்தால் ரெண்டு தங்கைகள் இருக்கிறார்கள். உயில் இல்லாமல் அப்பா இறந்தால் அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. 1956-ம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இது இருக்கு. தங்கைகள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கவே இல்லை. பட்டா மட்டும் எப்படியோ அண்ணன் பெயருக்கு மாறியிருந்தது.

அப்புறம் ஏன் ஈசியில் வில்லங்கம் இல்லை? ஈசி என்பது பதிவு ஆபீசில் பதிவான பத்திரங்களின் பட்டியல், அவ்வளவுதான். சாவு அங்கே பதிவாகாது. தங்கச்சி இருப்பதும் பதிவாகாது. "ஈசி கிளீன் சார்" என்று யாராவது சொன்னால் இதை ஞாபகம் வெச்சுக்குங்க. எங்க பாஷையில் சொன்னால், ஈசிஜி நார்மல் என்பதற்காக ஹார்ட் அட்டாக் இல்லை என்று சத்தியம் பண்ண முடியாது.

ஓனரிடம் போய்க் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. "தங்கச்சிங்க கேக்க மாட்டாங்க தம்பி, எல்லாம் நல்ல இடத்துல செட்டில் ஆயிட்டாங்க" என்றார். அவர் ஏமாற்ற நினைத்தார் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. அவர் மனசில் அது அவர் வீடு. அவ்வளவுதான். நாங்கள் விலகிட்டோம்.

ஆக, ஓனரிடம் நேரடியாக வாங்கினால் சேஃப் என்பது பொய். புரோக்கர் இல்லை என்றால் கமிஷன் இல்லை. ஆபத்து அப்படியேதான் இருக்கும்.

அதற்கப்புறம் புரோக்கரிடம் போனோம். லோக்கல் ஆள், ஐம்பதை நெருங்குகிற வயது. நாலு மாசத்தில் எனக்குக் கிடைக்காத விவரம் அவரிடம் ஒரே பைக் ரவுண்டில் கிடைத்தது. ஒரு பக்கம் அம்பத்தூர் ஏரி, இன்னொரு பக்கம் கொரட்டூர் ஏரி இருக்கிற பகுதி இது. 2015 டிசம்பரில் எந்தத் தெருவில் முழங்கால் தண்ணி, 2023-ல் மிக்ஜாம் புயலப்போ எந்த வீட்டில் மோட்டார் போச்சு, எது போர் தண்ணி உப்பு, யார் வீட்டில் பொண்ணு கல்யாணத்துக்காக அவசரமாக விற்கிறார்கள், யார் சும்மா விலை கேட்டுப் பார்க்கிறார்கள் என்று எல்லாம் விரல் நுனியில். இதுக்கெல்லாம் 1 சதவீதம் கொடுப்பது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை.

அவர் காட்டிய ரெண்டாவது வீடு எங்களுக்குப் பிடித்துவிட்டது. அரை கிரவுண்ட், தனி வீடு, வாசலில் வேப்பமரம். 72 லட்சம். வயதான ஓனர் நாலு வருஷத்துக்கு முன்பு உறவினர் ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தார். பதிவு செய்த பவர். அந்த உறவினர்தான் விற்கிறார்.

"பக்கா டாக்குமெண்ட் சார். ஒரே ஒரு லைஃப் சர்டிபிகேட் மட்டும் வேணும். பவர் குடுத்தவர் உயிரோட இருக்கார்னு டாக்டர் ஒருத்தர் எழுதிக் குடுக்கணும்." சொல்லிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்கதான் டாக்டராச்சே. நீங்களே ஒரு கையெழுத்து போட்டுட்டா வேலை முடிஞ்சது."

பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாகப் பவரும் அதோடு முடிந்தது. அதற்குத்தான் அந்தச் சான்று. ஆளைப் பார்க்காமல் கையெழுத்து போட மாட்டேன் என்றேன். "அதுக்கென்ன சார், இப்பவே போலாம்" என்று ஆவடி பக்கம் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

பெரியவருக்கு 80-க்கு மேல். சுத்தமான வேட்டி, நெற்றியில் திருநீறு. கை குலுக்கினார். "தம்பி, சாப்டியா?" என்றார். சாப்பிட்டேன் அய்யா என்றேன். இன்றைக்கு என்ன கிழமை, எத்தனை பிள்ளைகள், இது எந்த வருஷம் என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். எதற்கும் பதில் இல்லை. மறுபடி "தம்பி, சாப்டியா?" கடைசியாக மேனாம்பேட்டு வீட்டைப் பற்றிக் கேட்டேன். முகம் மலர்ந்துபோச்சு. "இதான் மேனாம்பேடு. இங்கதானே இருக்கோம்" என்றார். அவர் மனைவி கதவோரம் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது தடவையும் "சாப்டியா?"

டிமென்ஷியா. அதுவும் நேற்று வந்தது இல்லை.

வெளியே வந்ததும் புரோக்கர் கேட்டார், "ஆள் நல்லாத்தானே சார் இருக்கார்? கை குலுக்கினாரே."

யோசித்துப் பாருங்க. "இவர் உயிரோடு இருக்கிறார்" என்று நான் எழுதியிருந்தால் அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி பவர் கொடுத்தவர் இறந்தால் மட்டும் இல்லை, புத்தி சுவாதீனம் இழந்தாலும் அந்த ஏஜென்சி முடிவுக்கு வரும். நாளைக்கு அவர் பிள்ளைகளில் யாராவது கோர்ட்டுக்குப் போனால், வீட்டை வாங்கினவனும் நான், சர்டிபிகேட் கொடுத்தவனும் நான். வீடும் போகும், ரிஜிஸ்டர் நம்பரும் போகும். அதைவிட, அந்த மனுஷன் இன்னும் மனசளவில் குடியிருக்கிற வீட்டை அவருக்கே தெரியாமல் வாங்குகிறோம் என்பது வேற விஷயம். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கையெழுத்து போடவில்லை. இந்த மாதிரி நிலைமையில் கோர்ட் மூலமாகக் காப்பாளர் நியமிக்க வழி இருக்கு, நாளாகும், அதைச் செய்யச் சொல்லுங்க என்றேன். புரோக்கருக்கு எரிச்சல். "டாக்டருங்கன்னா எல்லாத்தையும் நோயாவே பாப்பீங்க சார்" என்றார்.

அந்த வீடு அப்புறம் விற்றுவிட்டதா, யார் கையெழுத்து போட்டார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் போகும்போது பார்ப்பேன். புது பெயின்ட் அடிச்சிருக்காங்க. வேப்பமரத்தைக் காணோம்.

இப்ப கேள்வி. அந்தப் புரோக்கர் கெட்டவரா?

இல்லை என்றுதான் நான் சொல்வேன். அவர் கணக்கைப் பாருங்க. 72 லட்சத்துக்கு எங்க பக்கம் 1 சதவீதம், அந்தப் பக்கம் 1 சதவீதம். பத்திரம் முடிந்தால் கையில் 1 லட்சத்து 44 ஆயிரம். முடியாவிட்டால் பூஜ்யம். பெட்ரோல் காசுகூடக் கிடையாது. அப்படிப்பட்ட ஒருத்தர் கண்ணுக்கு அந்தப் பெரியவர் நல்லாத்தான் தெரிவார். தெரிந்தே பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பார்க்க வேண்டாம் என்று நினைப்பது கண்ணுக்குப் படாது, அவ்வளவுதான்.

அவர் உங்களிடமும் வாங்குகிறார், விற்பவரிடமும் வாங்குகிறார். விலை குறைந்தால் அவர் பங்கு கொஞ்சம் குறையும். விற்பனையே நடக்காவிட்டால் மொத்தமும் போகும். அதனால் அவருக்கு முக்கியம் விலை இல்லை, முடிவது. சீக்கிரம் முடிவது.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் சிகாகோ வட்டாரத்தில் ஏறக்குறைய 1 லட்சம் வீட்டு விற்பனைகளை ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் என்று ரெண்டு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2008-ல் கட்டுரை போட்டார்கள். ஏஜென்ட்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து, 3.7 சதவீதம் கூடுதல் விலைக்கு விற்கிறார்களாம். வாடிக்கையாளர் வீடு என்றால் "நல்ல ஆஃபர், விட்றாதீங்க" என்று சீக்கிரம் முடித்துவிடுவார்கள். லைசென்ஸ், பரீட்சை எல்லாம் இருக்கிற ஊரிலேயே இப்படி.

எங்க தொழிலுக்கும் இது பொருந்தும். நோயாளியை ஸ்கேனுக்கோ வேறு டாக்டருக்கோ அனுப்பி அதற்கு கமிஷன் வாங்கக் கூடாது என்று 2002-ம் வருஷ மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். (அது நடைமுறையில் ஒழிந்ததா என்று கேட்காதீங்க. உங்களுக்கே தெரியும்.) ஏன் அந்த விதி? கமிஷன் வாங்குகிற எல்லா டாக்டரும் அயோக்கியன் என்பதால் இல்லை. கமிஷன் வாங்கினால் "உங்களுக்கு இந்த ஸ்கேன் தேவையில்லை" என்ற வார்த்தை வாயில் வர கஷ்டப்படும் என்பதால். புரோக்கர் தொழிலில் அப்படி ஒரு தடை கிடையாது. அந்தத் தொழிலே கமிஷன்தான்.

"ரெரா இருக்கே டாக்டர், ஏஜென்ட் எல்லாம் பதிவு பண்ணணுமே" என்று கமெண்டில் யாராவது வருவீங்க. வாங்க, அதையும் பார்க்கலாம்.

2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் நல்ல சட்டம். ஏஜென்ட் பதிவு செய்யணும், உண்மையில்லாததைச் சொல்லி விற்கக் கூடாது, வாங்குபவருக்கு உரிய ஆவணங்கள் கிடைக்க உதவணும், மீறினால் நாளுக்கு 10,000 ரூபாய், மொத்தத்தில் சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரைக்கும் அபராதம். எல்லாம் இருக்கு. ஆனால் இது பொருந்துவது, ரெராவில் பதிவான திட்டத்தில் பில்டர் விற்கிற பிளாட்டுக்கும் மனைக்கும். ஒருத்தர் தன் பழைய வீட்டை இன்னொருத்தருக்கு விற்கிறார் என்றால் நடுவில் நிற்கிற புரோக்கர் அந்தப் பிரிவுக்குள் வருவதில்லை.

அடுத்தது இன்னும் முக்கியம். நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டால், அல்லது வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டால், திட்டத்தைப் பதிவு செய்யவே வேண்டியதில்லை. மேனாம்பேட்டில் இப்ப என்ன கட்டுகிறார்கள்? ஒரு கிரவுண்டில் பழைய வீட்டை இடித்துவிட்டு நாலு பிளாட், ஆறு பிளாட். ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி, ஏறக்குறைய 223 சதுர மீட்டர். அப்ப ரெரா எங்கே வரும்? நம்மைப் போன்றவர்கள் வாங்குகிற வீட்டில் பெரும்பாலானவை பழைய வீடு, இல்லாவிட்டால் இந்த ஆறு பிளாட் வகை. ரெண்டிலும் புரோக்கர் சொல்வதற்கு ரெரா காவல் கிடையாது. பெரிய அடுக்குமாடி வாங்குபவர்கள் மட்டும் ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, டிஎன்ரெரா தளத்தில் சரிபாருங்க. எண் இல்லை என்று இழுத்தால் கிளம்பிடுங்க.

"பதிவு ஆபீஸ்லதான் எல்லாம் பாத்துதானே பதியறாங்க?" இதுவும் நம்பிக்கைதான். பத்திரம் பதிவானது என்றால் ஆவணம் பதிவாச்சு என்று அர்த்தம். விற்றவருக்கு உரிமை இருந்தது என்று அர்த்தம் இல்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமே, விற்பவருக்கு உரிமை இருக்கா என்று தீர்மானிப்பது சார்பதிவாளரின் வேலை இல்லை என்று சொல்லிடுச்சு.

"பேங்க் லீகல் பார்க்குமே?" பார்க்கும். லோன் போட்டு வாங்குவதில் இருக்கிற ஒரு நல்ல விஷயம் அது. பேங்க் வக்கீல் வேண்டாம் என்று சொன்ன வீட்டை "வேற பேங்க்ல போட்டுக்கலாம் சார்" என்று புரோக்கர் சொன்னால் அந்த வீட்டை விட்டுடுங்க. ஆனால் பேங்க் வக்கீல் பேங்க்கின் காசுக்காகப் பார்க்கிறார். நீங்க போடுகிற கைக்காசு அவர் கவலை இல்லை. பிஎஃப் பணத்தில் லோனே இல்லாமல் வாங்குகிற எங்க பேஷண்ட் மாதிரி ஆட்களுக்கு அந்தச் சல்லடையும் கிடையாது.

அதனால் சொந்தமாக ஒரு வக்கீல். புரோக்கர் கூட்டி வருகிற வக்கீல் வேண்டாம். பத்திர எழுத்தர் "நானே பாத்துடறேன்" என்று சொன்னால் அதுவும் வேண்டாம். அவருக்கும் பத்திரம் எழுதினால்தான் காசு. சிவில் சொத்து வழக்கு பார்க்கிற வக்கீலாக உங்க சொந்தத்திலோ ஆபீஸிலோ விசாரித்துப் பிடிங்க. முதலிலேயே சொல்லிடுங்க, "வேண்டாம்னு எழுதினாலும் இதே ஃபீஸ் சார்". 30 வருஷத்துக்கு மேல் பின்னால் போய்ப் பார்க்கச் சொல்லுங்க.

அம்பத்தூர் பக்கம் அது கொஞ்சம் சிக்கலான வேலை. ஒரே வீட்டின் பழைய பத்திரத்தில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்று இருக்கும். அடுத்ததில் திருவள்ளூர் மாவட்டம், அம்பத்தூர் நகராட்சி. 2011-ல் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, 2018-ல் தாலுகாவே சென்னை மாவட்டத்துக்கு வந்தது. சர்வே எண்ணும் மாறியிருக்கும். பழைய எண்ணில் இருந்த நிலமும் இன்றைய எண்ணில் இருக்கிற நிலமும் ஒன்றுதானா என்று பழக்கப்பட்ட ஒருத்தர் உட்கார்ந்து பார்க்கணும். மனை என்றால் அப்ரூவ்டா, இல்லாவிட்டால் 2017-ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் முறைப்படுத்தினதா என்று ஆர்டர் காப்பியைக் கேளுங்க. அப்ரூவல் இல்லாத மனைகளைப் பதிய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டப்போ, காசு கொடுத்துட்டு நடுவில் நின்ற குடும்பங்கள் எத்தனை என்று இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எங்க வக்கீல் கேட்டது 8,000 ரூபாய். தங்கச்சிகள் விஷயத்தில் வேண்டாம் என்று எழுதினதுக்கு 8,000. கடைசியில் வாங்கின வீட்டுக்கு 8,000. முதல் 8,000 தண்டம் என்று என் மாமனார் இன்னும் சொல்கிறார். என் வாழ்க்கையில் நான் செலவு பண்ணினதிலேயே லாபமான 8,000 அது.

ஆமாம், கடைசியில் வாங்கிட்டோம். அதே மேனாம்பேட்டில், அதே புரோக்கர் மூலமாகத்தான். எரிச்சல் எல்லாம் பத்து நாளில் போச்சு அவருக்கு, போன் பண்ணி இன்னொன்று காட்டினார். 64 லட்சம். விலையில் அவர்தான் ஒன்றரை லட்சம் குறைத்துக் கொடுத்தார். நானாகப் பேசியிருந்தால் அந்த ஓனர் பத்தாயிரம்கூடக் குறைத்திருக்க மாட்டார். கமிஷன் 64,000-ஐ மனசார கொடுத்தேன்.

அப்போ அவர் சொல்லாத ஒன்றையும் சொல்லிடறேன். 50 லட்சமோ அதற்கு மேலோ போகிற சொத்துக்கு, வாங்குகிற நீங்கதான் விற்பவரின் பணத்தில் 1 சதவீதம் வருமான வரி பிடித்தம் பண்ணிக் கட்டணும். கட்டாவிட்டால் நோட்டீஸ் உங்களுக்கு. எனக்கு அதுவும் 64,000. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5 லட்சத்து 76 ஆயிரம் தனி. இதைக் கேட்டதும் புரோக்கர் "கைட்லைன் வேல்யூக்கு மட்டும் பதிஞ்சுட்டு மீதிய கேஷா குடுத்துடலாம்" என்பார். நிலம், வீடு கைமாறும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015-ல் இருந்து வருமான வரிச் சட்டம் சொல்கிறது. சட்டத்தை விடுங்க. நாளைக்குப் பத்திரம் செல்லாது என்று ஆகிவிட்டால் திருப்பிக் கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்கிற பணம் எவ்வளவு? பத்திரத்தில் எழுதின தொகை மட்டும்தான்.

டோக்கன் விஷயத்துக்கு வரேன். எங்க பேஷண்ட் கேட்டது அதைத்தானே.

"இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு" என்பது சில நேரம் உண்மை. நிறைய நேரம் இல்லை. எது எப்போ என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது, என்னாலும் முடியாது. அதனால் அந்த வார்த்தைக்காக முடிவை மாற்றாதீங்க. வீடு ரொம்பப் பிடித்துவிட்டது, கொடுத்தே ஆகணும் என்றால் சின்னத் தொகையாகக் கொடுங்க. புரோக்கர் கையில் வேண்டாம், ஓனர் பேங்க் அக்கவுண்டுக்கு அனுப்புங்க. "வக்கீல் கருத்து சரியில்லை என்றால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி எழுதி ஓனரிடமே கையெழுத்து வாங்குங்க. அந்த ஒரு வரிக்கு ஓனர் தயங்கினால் அதுவே உங்களுக்குப் பாதி ரிப்போர்ட். அதற்கு மேல் அட்வான்ஸ் என்றால் அக்ரிமெண்ட் போட்டு, அதையும் பதிந்துடுங்க. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரில் இருந்து விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்யணும். "அதெல்லாம் தேவையில்லை சார், 20 ரூபா பத்திரத்துல எழுதிக்கலாம்" என்று இப்பவும் சொல்கிறார்கள்.

புரோக்கரிடமும் முதல் நாளே பேசிடுங்க. எத்தனை சதவீதம், எப்ப, பத்திரம் முடிந்த அன்றா அக்ரிமெண்ட் அன்றா என்று. பத்திரம் முடிந்த அன்று என்பதுதான் சரி. வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்க. அதோடு, வீட்டைப் பற்றி அவர் சொல்வதைப் பக்கத்து வீட்டில் ஒரு தடவை கேளுங்க. "மழைக்கு இங்க தண்ணி நிக்குமாம்மா?" என்று மாடியில் துணி காயப்போடுகிற ஒரு அம்மாவிடம் கேட்டால் கிடைக்கிற பதிலில் யாருக்கும் கமிஷன் கிடையாது.

நேற்று எங்க பேஷண்ட் மறுபடி ஓபிக்கு வந்தார். பிபி 146/90. பரவாயில்லை. ஆனால் முகத்தில் கோபம்.

"உங்க பேச்சைக் கேட்டு பத்து நாள் டைம் கேட்டேன் டாக்டர். வீடு போச்சு. அந்த இன்னொரு பார்ட்டி நிஜமாவே வந்து வாங்கிட்டாங்க."

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்த வீட்டு டாக்குமெண்டை யாரும் பார்க்கவே இல்லை. நல்ல வீடாகவே இருந்திருக்கலாம். ஸாரி சார் என்றேன்.

கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்புறம் மஞ்சப் பையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே கனமான ஜெராக்ஸ் கட்டு.

"அதே புரோக்கர்தான் இன்னொண்ணு காட்டியிருக்காரு. வக்கீலுக்கு 7,000 கட்டியாச்சு. தாய்ப்பத்திரம் ஒண்ணு கொறையுது, அது வராம நகராதீங்கன்னு சொல்லிட்டாரு. புரோக்கர் தினம் போன் பண்றாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வக்கீல்கிட்ட பேசிக்கய்யான்னுட்டேன்."

மாத்திரையை மாற்றாமல் எழுதிக் கொடுத்தேன். அடுத்தவர் உள்ளே வந்துட்டார்.